தலகாணிக்குச் சுகமில்லை

கூண்டை வாசலிலேயே வையுங்க தம்பி. களவாண்டு போக இந்தத் தெருவில் ஆள் கிடையாது. களவாண்டு போகிறவனாவது வந்தால் பிடித்து உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேசலாம், அவனும் வரமாட்டேன் என்கிறான். சும்மா சொன்னேன். உள்ளே வாங்க. அந்த நாற்காலிக்குக் கால் ஆடும், இதில் உக்காருங்க. சுரண்டையிலிருந்தா வாறீங்க? பைக்கிலயா? ஏயப்பா! அப்போ வந்த காலோடு போக முடியாது. டீக்குப் பாலை வைத்துவிட்டேன்.

என் மகள் செல்விதானே உங்களுக்குப் போன் பண்ணினாள்? "அப்பாகிட்ட ஒரு ஜோடி சில்கி கோழி நிக்கி, போய்த் தூக்கிக்கிடுங்க. அவரு கதை சொல்லுவாரு, காதுல வாங்காதீங்க." இப்படித்தானே சொன்னாள்? சிரிக்கிறீங்க. அப்போ இதேதான் சொல்லியிருக்கிறாள். பெற்ற பிள்ளை தம்பி, பெங்களூரில் பதினோராம் மாடியில் இருந்துகொண்டு என் வாயை இங்கே அடைக்கப் பார்க்கிறாள்.

இந்த வாய் அடைக்கிற வாயா? புளியங்குடி எலுமிச்சம்பழ மார்க்கெட்டில் போய்க் கேட்டுப்பாருங்க, ஏலம் கூறுகிற கோமதிநாயகம் என்றால் யார் என்று. நான் இங்கே நின்று கூவினால் வாசுதேவநல்லூரில் ஒருத்தன் தன் வீட்டு வாசலில் நின்றபடி விலை கேட்பான். நான் கொட்டாவி விட்டதை 'மூணுதரம்' என்று நினைத்து ஒரு மலையாளத்து வியாபாரி வேனில் பழத்தை ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு தாண்டிவிட்டான். திருப்பிக் கூப்பிடக் கொட்டாவியை உள்ளே இழுக்கவேண்டியதாகிவிட்டது. நம்பாவிட்டால் போங்க.

கோழி எங்கே, கோழி எங்கே என்று கண்ணாலேயே தேடாதீங்க. காட்டுவேன். அதற்கு முன்னால் அது வந்த வழியைச் சொல்லணும். சொல்லாமல் கோழியைத் தூக்கிக் கொடுத்தால் அது விறகைத் தூக்கிக் கொடுத்த மாதிரி.

பேத்தி சாதனா கோடை லீவுக்கு வந்திருந்தாள். போனில் எதையோ பார்த்துவிட்டு, எனக்கு இந்தப் பஞ்சுக்கோழிதான் வேணும் என்று தரையில் உருண்டாள். மருமகன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. திறந்தால் வெள்ளைவெளேர் என்று இரண்டு உருண்டை. கண் இல்லை, காது இல்லை. இறக்கை என்று சொல்லவும் ஒன்றும் இல்லை, எல்லாம் முடி. பக்கத்துவீட்டு அசன்கனி எட்டிப் பார்த்தான். அவன் வீட்டில் நாட்டுக்கோழி நிற்கும், கோழி விஷயத்தில் தான்தான் டாக்டர் என்று நினைப்பு.

"என்ன வே, வயசான காலத்துல பூனை வாங்கிக் கட்டிருக்கேரு?"

"கண்ணைத் தொடச்சிட்டுப் பாரும் வே, கோழி."

"கோழியா? நாலு விரல் இருக்கணுமே. இதுக்கு அஞ்சு கிடக்கு! முடிய ஊதிப் பாத்தா உள்ள தோலு கரிக்கட்டை மாதிரி இருக்கு. இது எந்த ஊரு எந்திரமோ, ராத்திரி கதவைச் சாத்திட்டுப் படும்."

பொட்டைக்கு 'தலகாணி' என்று பேர் வைத்தாள் பிள்ளை. சேவலுக்கு 'ஷாம்பு.' இந்த ஊரில் கோழிக்கு என்னென்னவோ பேர் வைத்திருக்கிறார்கள், சேவலுக்கு ஷாம்பு என்று வைத்த முதல் ஆள் என் பேத்திதான். லீவு முடிந்தது. பதினோராம் மாடியில் சேவல் கூவினால் பத்தாம் மாடிக்காரனும் பன்னிரண்டாம் மாடிக்காரனும் சேர்ந்து வருவார்களாம். அதனால் கோழி இங்கே, பிள்ளை அங்கே. "தாத்தா, டெய்லி போன் பண்ணுவேன், ரெண்டு பேரையும் காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பண்ணினாள் தம்பி. அதைச் சொல்லணும். அதற்கு முந்தி எனக்கும் போன் வரும், வராமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை செல்வி கூப்பிடுவாள். "மாத்திரை போட்டீங்களா?" போட்டேன். "சாப்பிட்டீங்களா?" சாப்பிட்டேன். "சரிப்பா." அவ்வளவுதான். இதற்கு ஆள் எதற்கு? போட்டேன், சாப்பிட்டேன் என்று ஒரு டேப்பில் பேசி வைத்துவிட்டு நான் பாட்டுக்குக் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வரலாம். கோழி வந்த பிறகு அப்படியில்லை. பிள்ளை போனில் வந்தால் பேட்டரி தீருகிறவரைக்கும் பேச்சு. கோழி தின்னதா, பேண்டதா, ஷாம்பு தலகாணியைக் கொத்தினானா. நான் போனைப் பிடித்துக்கொண்டு தோட்டம் முழுக்கக் கோழிக்குப் பின்னால் குனிந்துகொண்டே நடப்பேன். அசன்கனி மதில்மேல் தாடையை வைத்துக்கொண்டு, "கோமதி, கோழிக்கே போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கேரே, கல்யாணத்துக்கு எதுவும் பாக்கேரா?" என்பான்.

பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதோடு பேச்சு குறைந்தது. ஹோம்வொர்க் என்றாள். டியூஷன் என்றாள். சின்னப்பிள்ளை, படிக்கத்தான் செய்யணும். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

அப்போதுதான் தலகாணி சுவரில் முட்டினாள். நேராக நடந்து போய், சுவர் இருக்கிறது என்றே தெரியாமல் டொக்கென்று முட்டினாள். பார்த்தால், கொண்டை முடி வளர்ந்து கண்ணை மூடிக் கிடக்கிறது. இந்தச் சாதிக் கோழிக்கு இது உள்ளதுதான். ஒரு ரப்பர் பேண்டை எடுத்து உச்சியில் குடுமி போட்டுவிட்டேன், தீர்ந்தது. ஆனால் போனில் சொல்லும்போது, "தலகாணிக்குக் கண்ணு தெரியலம்மா" என்று ஆரம்பித்துவிட்டேன். குடுமிக்கு வருவதற்குள் பிள்ளை அழுதுவிட்டாள். அன்றைக்கு மூன்று தடவை போன் வந்தது. மறுநாளும் வந்தது.

சீக்கு என்றால் போன் வருகிறது. சுகம் என்றால் வரவில்லை. இது நான் கண்டுபிடித்தது இல்லை தம்பி, அதுவாக அப்படி இருந்தது.

நான் பொய் சொல்கிறவன் இல்லை. உள்ளதற்கு ஒரு பூ வைப்பேன். காலில் செதில் ஏறியது, அது உள்ளது. சின்னப் பூச்சி உள்ளே போய்க் கால் சொரசொரவென்று ஆகிவிடும், வேப்பெண்ணெய் போட்டேன், உதிர்ந்தது. ஆனால் டாக்டர் சாக்ஸ் போடச் சொன்னார் என்று சொன்னேன், அது பூ. செள்ளுப்பூச்சி பிடித்தது உள்ளது, சாம்பலில் புரளவிட்டேன். சாம்பல் பூசினதும் ஷாம்பு சாமியாராகிவிட்டான், தலகாணி பக்கமே திரும்பவில்லை என்றேன், அது பூ. தலகாணிக்கு மறதி வந்துவிட்டது, தான் போட்ட முட்டையைப் பார்த்து 'இது யார் வீட்டு முட்டை' என்று தெரு முழுக்க விசாரித்துவிட்டு வந்தாள் என்றேன். ஷாம்பு என்னிடம் ஏலம் கற்றுக்கொண்டான், ஒருதரம், ரெண்டுதரம் என்று கூவிவிட்டு, மூணுதரம் சொல்லாமல் நிற்கிறான், விலை கேட்க ஆளில்லாமல் தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். பிள்ளை சிரித்துச் சிரித்துப் போனைக் கீழே போட்டாள். எடுத்துத் திரும்பவும் போட்டாள்.

பின்னால் செல்வி சத்தம் கேட்கும். "எப்பா, சும்மா இருங்கப்பா. இவ போய் டீச்சர்ட்ட எங்க தாத்தா வீட்டுக் கோழிக்கு மறதின்னு சொல்லிருக்கா. இத்தனை சீக்கு வருதுன்னா எதுக்கு வச்சிக்கிட்டு இருக்கீங்க, வித்துருங்க."

"சீக்குக் கோழிய எவன் வாங்குவான்?" என்பேன். ஏலம் கூறினவனிடம் வாயைக் கொடுக்கலாமா?

டீ ஆறுகிறது, குடிங்க. சீனி போதுமா?

அப்புறம் தலகாணி அடையில் உட்கார்ந்தாள். சில்கி விற்கிறவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா? இந்தக் கோழிக்கு அடை கிடப்பதுதான் தொழில். முட்டையை எடுத்துவிட்டால் வெறுந்தரையில் கிடக்கும். என் செருப்பில் கிடந்தாள். பிறகு கூடையில் இருந்த எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறி உட்கார்ந்தாள், அவள் சூட்டில் பழம் ஊறுகாய்ப் பதத்துக்கு வந்துவிட்டது, உப்புதான் போடவில்லை. சரி, அதை விடுங்க. தீனி எடுக்கவில்லை, அது விளையாட்டு இல்லை. பார்க்க உருண்டையாகத்தான் இருந்தாள். முடிக்குள் கையை விட்டால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் தட்டுகிறது.

அசன்கனிதான் சொன்னான். "இதுக்குப் போய் யோசிக்கேரே. தொட்டில மூணு முக்கு முக்கித் தூக்கிப் போடும் வே. சூடு இறங்கும், அடை தெளிஞ்சிரும். நம்ம ஊர்ல எந்தக் கோழிய முக்காம விட்டுருக்கோம்?"

உள்ளதுதானே? என் அம்மா முக்கியிருக்கிறாள், என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் முக்கியிருக்கிறாள். நாட்டுக்கோழி தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் ஒரு உதறு உதறும், நம்மை நனைத்துவிட்டுப் புழுப் பொறுக்கப் போய்விடும். அதே மாதிரித்தான் முக்கினேன். மூன்று முக்கு. அதற்கு மேல் இல்லை.

இவளுக்கு உதறத் தெரியவில்லை தம்பி. இறகாக இருந்தால்தானே தண்ணீர் வழியும்? முடி அத்தனையும் தண்ணீரைக் குடித்துவிட்டது. அந்தப் பெரிய உருண்டை போய்விட்டது, கையில் கறுப்பாக ஒரு பிடி உயிர் நடுங்கிக்கொண்டு இருந்தது. பயந்துபோய் விட்டுவிட்டேன். குடுமி அவிழ்ந்து கண்ணில் அப்பிவிட்டது. ஓடினாள். ஓடிப்போய்த் துவைக்கிற கல்லில் முட்டினாள்.

சுவரில் முட்டினபோது ஒன்றும் ஆகவில்லையே, இப்போது மட்டும் என்ன என்றுதான் நினைத்தேன். வேட்டியில் சுற்றி அடுப்புப் பக்கம் வைத்திருந்தேன். விடிந்து பார்த்தால் கழுத்து திருகிக் கிடக்கிறது. தலை கீழே, அலகு மேலே. நடக்கவிட்டால் பின்னால் பின்னால் போகிறாள். கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்தக் கோழிக்கு உச்சந்தலை எலும்பு முழுசா மூடியிருக்காது ஐயா, கைக்குழந்தைக்கு மாதிரி. அடி படவே கூடாது. முடி இன்னும் ஈரமா இருக்கே, தண்ணில முக்குனீங்களா?"

"அதுவா விழுந்துட்டும்மா" என்றேன். ஆஸ்பத்திரியில் நாலு பேர் இருந்தார்கள்.

தப்பு என்று பார்த்தால் கோழிமேல்தான். இவ்வளவு முடி வளர்க்கிற கோழி வழியைப் பார்த்து ஓடணுமா இல்லையா?

அன்றைக்குச் சாயங்காலம் போன் வந்தது. பல நாளைக்குப் பிறகு தானாக வந்த போன். நான் தலகாணியை மடியில் போட்டு, தலையைக் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

"தாத்தா, தலகாணி என்ன பண்றா?"

"இருக்காம்மா."

"உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. ஜம்முனு இருக்கா."

"கால்ல செதில்?"

"போயிட்டு."

"மறதி?"

"அதுவும் சரியாயிட்டு."

"காட்டு தாத்தா."

"போன்ல சார்ஜ் இல்லம்மா."

"ஓ. சரி தாத்தா, பை."

எத்தனை சீக்கு சொல்லியிருப்பேன் தம்பி. கோழிக்குச் சர்க்கரை வியாதி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். கையில் உண்மையான சீக்கை வைத்துக்கொண்டு, எனக்கு வாய் வரவில்லை. மறுநாளும் சுகம் என்றேன். அடுத்த நாளும் சுகம். சுகம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? போன் நின்றது.

நின்றதும் எனக்கு வேலைதான். சும்மா இருந்தேன் என்று நினைக்காதீங்க. பொம்பளைப்பிள்ளைகள் முகத்துக்குத் தேய்க்குமே பச்சை வைட்டமின் மாத்திரை, அதை ஊசியால் குத்தி ஒரு சொட்டு வாயில் விடணும். முட்டை மஞ்சளைக் கரைத்து ஊட்டணும், கோழிக்கே முட்டை. தலையைப் பிடித்து நிமிர்த்தினால்தான் விழுங்குவாள், நிமிர்த்தின கையை எடுத்தால் திரும்பவும் சுற்றிக்கொள்வாள். கை மரத்துப்போகும். பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருப்பேன். அவளுக்காகத்தான். எனக்குப் பேச ஆள் வேணும் என்று இல்லை, அசன்கனி இருக்கிறான். அவன் இப்போது மதில்பக்கம் வருவதில்லை. வந்தாலும் கோழியைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "மழை வருமா வே?" என்கிறான்.

போன வாரம் செல்வி கூப்பிட்டாள். "எப்பா, கோழி ரெண்டும் இப்ப நல்லாயிருக்குல்ல? நல்லாயிருக்கும்போதே குடுத்துருவோம். சாதனாவும் இப்ப ஸ்கேட்டிங் போறா, முன்ன மாதிரி கேக்கதில்ல. உங்களுக்கும் வேலை மிச்சம். சுரண்டைல ஒருத்தர்ட்ட பேசிட்டேன்."

அந்தச் சுரண்டைக்காரர் நீங்கதான். டீயைக் குடித்துவிட்டு உக்காந்திருக்கீங்க.

வாங்க, பார்க்கலாம். மெதுவாக வாங்க, அவளுக்கு நிழல் விழுந்தால் பயம். இதோ, இந்தப் பிளாஸ்டிக் தொட்டிக்குள். இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன், சாய்ந்துவிடாமல் இருக்க. தலை இப்போது தோள்பட்டை வரைக்கும் வந்துவிட்டது பாருங்க. முன்னே வயிற்றுக்குக் கீழே கிடந்தது.

என்ன, தலையை ஆட்டுறீங்க? இதை வாங்க முடியாது என்கிறீங்க, சரி. சேவலை மட்டும் கொண்டுபோறேன் என்கிறீங்களா? அது ஆகாது. கொஞ்சம் பொறுங்க, அவன் கூவட்டும். இந்நேரத்துக்குக் கூவுவான். ஏ ஷாம்பு! ... ஆங், இப்போ. இவளைப் பாருங்க, அவனைப் பார்க்காதீங்க! திருப்புகிறாள் பாருங்க, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்புகிறாள். நான் எவ்வளவு கூப்பிட்டாலும் திருப்புவதில்லை, அவன் கூவினால் மட்டும் திருப்புகிறாள். டாக்டரம்மாவிடம் சொன்னேன், "அப்படியா, அப்போ சேவலைப் பக்கத்துலயே விடுங்க" என்றாள். இது பூ இல்லை. உங்க கண்ணால் பார்த்தீங்க.

ஒரு உதவி செய்யணும் தம்பி. நீங்கள் செல்விக்குப் போன் போடணும். நான் சொன்னால் ஆகவில்லை. காலையில் சொன்னேனே! "செல்வி, தலகாணிக்குக் கழுத்து திருகிட்டு, பின்னால பின்னால நடக்கா, ஆளை வரவேண்டாம்னு சொல்லு." அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எப்பா, நேத்து வரைக்கும் ஜம்முனு இருந்தவ, ஆள் வாறாருன்னதும் பின்னால நடக்க ஆரம்பிச்சிட்டாளா?" என்று சிரித்தாள். நல்லாச் சிரித்தாள். அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று, சரி சிரிக்கட்டும் என்று நானும் கூடச் சிரித்துவிட்டேன்.

அதனால் நீங்கதான் சொல்லணும். உங்களை அவளுக்கு முன்பின் தெரியாது, நம்புவாள். உள்ளதை மட்டும் சொல்லுங்க. கோழிக்குக் கழுத்து கோணல், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கணும், இரண்டையும் பிரிக்கக்கூடாது. இவ்வளவுதான். என்னைப்பற்றி ஒன்றும் சொல்லவேண்டாம். வீடு எப்படி இருக்கிறது, ஆள் மெலிந்திருக்கிறாரா என்று கேட்டால் நல்லாயிருக்கார் என்று சொல்லிவிடுங்க. எனக்கென்ன குறை?

போடுங்க. மணி போகுதா?

எடுத்தாச்சா? செல்வியா? ... பிள்ளையா! பள்ளிக்கூடம் இல்லையா இன்றைக்கு? இருங்க, நீங்க பேசாதீங்க தம்பி. அவளிடம் நீங்க சொல்லக்கூடாது. இங்கே கொடுங்க, இந்தக் கையில் வையுங்க, அந்தக் கையில் கோழி.

சாதனா, தாத்தா பேசுதேன். வேற போன்மா இது. தலகாணிக்குச் சுகமில்லம்மா. ... ஆமா. ... இல்லம்மா, மறதி மாதிரிக் கதை இல்ல இது. அன்னைக்கு நீ கேட்டப்பவே சுகமில்ல, தாத்தா உங்கிட்டச் சொல்லல. தண்ணில முக்குனேன், பயந்து ஓடித் தலையில அடிபட்டுட்டு. ... தாத்தாதான் முக்குனேன். ... வலிக்குதான்னா... தெரியலையேம்மா. தாத்தாவுக்கு அது தெரியல.

அழாத. அழுதாலும் சரி, போனை மட்டும் வச்சிராத. இரு, அவ காதுகிட்டக் கொண்டுபோறேன். முடியை விலக்கினா நீலமா ஒண்ணு இருக்கும்லா, அதான் அவளுக்குக் காது. கண்டுபிடிச்சிட்டேன், பிடிச்சிருக்கேன். பேசு.